நான்காம் தளத்து விருந்தாளி

நான்காம் தளத்து விளக்கு மட்டும் அணையவில்லை.

தெமியானா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தின் அந்தப் புது நூலகக் கட்டடத்தில் விளக்குகளுக்குச் சுவிட்சே கிடையாது. ஆள் அசைந்தால் எரியும், பத்து நிமிடம் எதுவும் அசையாவிட்டால் தானாக அணைந்துவிடும். நடுவில் கூரைவரை திறந்த வெளி, அதைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்த நான்கு தளங்கள். கீழே புத்தகம் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினால் உச்சிவரை தெரியும். ரம்ஜான் மாதத்தில் அந்திநேர மக்ரிப் பாங்குக்கு முக்கால் மணி முன்பே மாணவர்கள் நோன்பு திறக்க ஓடிவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு தளமாக இருட்டும். பாங்கு கேட்கும்போது அவள் தலைக்கு மேலே இருக்கும் கீழ்த்தள விளக்குகளைத் தவிர வேறெதுவும் எரியாது.

கட்டடத்தைப் பூட்டவும் முடியாது. இடம் போய்விடக் கூடாதென்று பிள்ளைகள் பைகளையும் மடிக்கணினிகளையும் மேசைமேலேயே விட்டுப் போவார்கள். எட்டு மணிக்குத் திரும்பி வந்து பாதிப் பேர் படிப்பார்கள், பாதிப் பேர் குளிர்ச்சியில் தூங்குவார்கள். பாடப்புத்தகத்தைச் சாக்காக வைத்துக் காதலிக்கிறவர்களும் உண்டு, அவர்களைத் தெமியானா கண்டும் காணாமல் விட்டுவிடுவாள். விடுதி அறையில் ஆறு பேர், வீட்டில் பத்துப் பேர் என்று நெருக்கியடித்துக் கிடக்கும் பிள்ளைகளுக்கு, தனக்கென்று ஒரு நாற்காலியும் ஒரு விளக்கும் கிடைக்கிற இடம் அந்த வளாகத்தில் அது ஒன்றுதான்.

ஆகவே யாராவது காவல் இருக்க வேண்டும். ரம்ஜான் நோன்பு இல்லாதவர் யார்? கிறிஸ்தவர். நூலக ஊழியர்களில் கிறிஸ்தவர் யார்? தெமியானா ஒருத்திதான். பதினோரு வருடத்துக்கு முன்பு, பழைய கட்டடத்தில், "நீங்க எல்லாரும் போங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவளாகத்தான் சொன்னாள். அது அப்படியே சட்டமாகிவிட்டது. பண்டிகை முடிந்ததும் எல்லோரும் இனிப்புப் பெட்டி கொண்டுவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள். அந்த ஒரு நாளுக்காகவே அவள் முப்பது நாளும் உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

இந்த வருடம் அவளுக்கும் அது தவக்காலம்தான். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. காலையிலிருந்து பட்டினி கிடந்து பாங்கு கேட்ட பிறகே டப்பாவைத் திறப்பாள். சுற்றிலும் ஊரே பசித்திருக்கும்போது தான் மட்டும் மெல்லுவது அவளுக்குப் பிடிக்காது. அவித்து மசித்த அவரை, எலுமிச்சை பிழிந்த பருப்பு சூப், ஊறுகாய், இரண்டு ரொட்டி. கணவர் இறந்து ஒன்பது வருடம். ஒரே மகன் கிரோலோஸ் கனடாவுக்குப் போய் ஆறு வருடம். வீட்டில் சாப்பிட்டாலும் இங்கே சாப்பிட்டாலும் எதிர் நாற்காலி காலிதான்.

பாங்கு முடிந்தது. ஒலிபெருக்கி கொரகொரத்து ஓய்ந்தது. சாலையில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. பாலைவனத்துக் காற்று கண்ணாடிச் சுவரில் மணலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தெமியானா ரொட்டியைப் பிய்த்தாள், மேலே பார்த்தாள். நான்காம் தளத்தில் வெள்ளை வெளிச்சம் அப்படியே நின்றது.

யாரோ ஒரு பிள்ளை நோன்பு திறக்கக்கூடப் போகாமல் படித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். அவளுக்குப் பாவமாக இருந்தது. அந்த ஊரில் கையில் ரொட்டி இருக்கும்போது கண்ணில் பட்டவரைச் சாப்பிடக் கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரையும் கூப்பிடுவார்கள், தெருவில் போகிற முன்பின் தெரியாதவரையும் கூப்பிடுவார்கள். யாரும் வந்து உட்கார்ந்துவிட மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான். கூப்பிடப்பட்டவரும் "நல்லா சாப்பிடுங்க" என்று நெஞ்சில் கைவைத்துவிட்டு நடையைக் கட்டுவார்.

"யாருப்பா மேல?" என்று தெமியானா ரொட்டியை உயர்த்திக் காட்டினாள். "வாப்பா, சாப்பிடலாம்."

மேலே ஒரு நாற்காலிக் கால் தரையில் இழுபட்டது. மெதுவாக, யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதுபோல. அதன்பின் பத்து நிமிடம் கழித்து விளக்கு அணைந்தது. யாரும் இறங்கி வரவில்லை.

எட்டு மணிக்கு எல்லோரும் வந்த பிறகு அவள் நான்காம் தளத்துக்குப் போய்ப் பார்த்தாள். அந்த மூலையில் யாரும் உட்காருவதில்லை, குளிர்காற்று நேராக முகத்தில் அடிக்கும். மேசையில் பை இல்லை, புத்தகம் இல்லை. ஒரு நாற்காலி மட்டும் மேசைக்கு முதுகைக் காட்டித் தடுப்புப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அதில் உட்கார்ந்து பார்த்தாள். கண்ணாடி வழியே கீழே அவளுடைய மேசை தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

மறுநாள் மதியம் உடன் வேலை செய்யும் ஸாபிரீனிடம் சொன்னாள். ஸாபிரீனுக்கு முப்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள், வாய் ஓயாது.

"பூனையா இருக்கும்க்கா."

"பூனை நாற்காலிய இழுக்குமா?"

"நம்ம பல்கலைக்கழகப் பூனை பட்டமே வாங்கும். பசங்களே வாங்கறாங்க." புத்தகங்களை அடுக்கிக்கொண்டே சிரித்தாள். "விளக்கு கெட்டுப் போயிருக்கும், ஆளுக்குச் சொல்லி விடறேன். அதுக்காகவா ராத்திரியெல்லாம் தூங்கல? கண்ணு ரெண்டும் வீங்கிக் கிடக்கு."

தெமியானாவும் சிரித்தாள். பூனை என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அன்று மாலை நான்காம் தளம் சரியாக இருட்டிவிட்டது. மூன்றாம் தளம் இருட்டவில்லை.

அவள் டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். காவல்காரர் ஜாபிர் அண்ணனைக் கூப்பிடலாமா? அவர் முந்நூறு அடி தள்ளி வளாக வாசல் கதவருகே மற்ற காவல்காரர்களோடு தட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பார். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதர். முதல் கவளத்தில் இருப்பவரை விளக்கு எரிகிறது என்று சொல்லி எழுப்புவதா? வேண்டாம்.

புதுத் தரைவிரிப்பின் பசை நாற்றமும் குளிரூட்டியின் தகர வாடையும்தான் அந்தக் கட்டடத்தின் வாசனை. அன்று அதன் நடுவே வேறொன்று வந்தது. நாள் முழுக்கச் சாப்பிடாத வாயின் வாசனை. ரம்ஜான் மாதத்தில் அதை எல்லோரிடமும் முகர்ந்திருக்கிறாள், அதில் அருவருப்படைய ஒன்றுமில்லை. ஆனால் எல்லோரும் போய் ஒரு மணி நேரம் ஆகிறதே.

பிறகு ஒரு சத்தம். மிகச் சின்னது. அத்தனை பெரிய காலி மண்டபம் இல்லாவிட்டால் காதில் விழுந்தே இருக்காது. எச்சில் விழுங்கும் சத்தம்.

பயம் வந்தால் தெமியானாவுக்கு வாய் சும்மா இருக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், இருட்டில் நடந்தால் பாடிக்கொண்டே நடப்பாள். "என்ன, இன்னைக்கு ஒரு மாடி இறங்கிட்டீங்களா?" என்றாள் சத்தமாக. "அவரை ஆறிப்போகுது. வாங்க, வந்து சாப்பிடுங்க."

மேலே கண்ணாடித் தடுப்பில் மூச்சு பட்டதுபோல ஓர் இடம் வெளிறியது. சிறிது சிறிதாகத் தெளிந்தது. மறுபடி வெளிறியது. அவள் குனிந்து சாப்பிட்டாள். ருசி தெரியவில்லை. எட்டு மணிவரை நிமிரவே இல்லை.

மறுநாள் ஸாபிரீனிடம் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தாள். ஒரே ஒரு நாள். இன்று ஒரு நாள் என்கூட இரேன். அதைச் சொல்வது அவ்வளவு கஷ்டமா? கஷ்டம்தான். பதினோரு வருடமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தவள் அவள். கேட்டால், அடுத்த வருடம் இந்த வேளைக்கு வேறு ஏற்பாடு செய்துவிடுவார்கள். பிறகு யார் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள்?

"ஸாபிரீன், இன்னைக்குச் சாயங்காலம்..."

"ஐயோ, இன்னைக்கா! மாமியார் வீட்டுல இருபது பேருக்கு விருந்துக்கா. மூணு மணிக்கே கிளம்பணும். என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"சும்மா இல்லியே. அந்தப் பூனையா?"

தெமியானா நடந்ததைச் சொன்னாள். வாசனையை மட்டும் சொல்லவில்லை.

ஸாபிரீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு தடவை கூப்பிட்டியா? போச்சு போ. முதல் தடவை கூப்பிட்டா யாரும் வர மாட்டாங்க, ரெண்டாவது தடவையும் 'வேண்டாங்க, வயிறு நிறைஞ்சிருக்கு'ன்னு சொல்லணும். மூணாவது தடவை கூப்பிட்டாத்தானே நிஜமாக் கூப்பிடறாங்கன்னு உட்காருவாங்க? எங்க மாமியாரு அத எண்ணிக்கிட்டே இருக்கும். உன் ஆளும் எண்ணிக்கிட்டிருக்கப் போவுது." அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு குறைந்தது. "சரி சரி. ஏழரைக்கெல்லாம் நான் வந்துடறேன். விருந்துச் சாப்பாட்ட அப்படியே விட்டுட்டு வர்றேன், போதுமா? உன்ன வீட்டுல கொண்டுபோயும் விடறேன். அதுவரைக்கும் வாயத் திறக்காம இரு."

வாயைத் திறக்கப் போவதில்லை. தெமியானா அதில் உறுதியாக இருந்தாள்.

மாணவர்கள் போனார்கள். நான்கு இருட்டியது. மூன்று இருட்டியது. முதல் தளமும் இருட்டியது. நடுவே இரண்டாம் தளம் மட்டும் பளிச்சென்று நின்றது. வாசனை இன்று முன்னதாகவே வந்துவிட்டது. பாங்கு சொன்னார்கள். அவள் டப்பாவைத் திறந்து அவரையைத் தட்டில் கொட்டி, ரொட்டியை எடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு, உதடுகளை இறுக்கி மூடினாள். நிமிரவில்லை. ஒன்றேகால் மணி நேரம்தான். ஸாபிரீன் வந்துவிடுவாள்.

கைபேசி அடித்தது. கிரோலோஸ். அங்கே மதியம், இடைவேளையில் கூப்பிடுகிறான். அவனுடைய குரலைக் கேட்டதும் தெமியானாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னம்மா, குரலு ஒரு மாதிரி இருக்கு?"

"ஜலதோஷம். நீ சாப்பிட்டியா?"

"எங்க! நின்னுக்கிட்டே ரெண்டு துண்டு ரொட்டி. கடையில ஒரே கூட்டம். நீ என்ன சாப்பிடற?"

"அவரை. பருப்பு சூப்பு."

"எலுமிச்சை பிழிஞ்சா? நிறையச் சீரகம் போட்டு?"

"ஆமாண்டா."

மகன் மூச்சை ஆழமாக இழுத்தான். பிறகு, "வாசனை இங்க வரைக்கும் வருதும்மா" என்றான்.

ஆறு வருடம். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம். அவளுக்கு அந்தக் கணத்தில் மண்டபம் மறந்துபோனது, விளக்கு மறந்துபோனது, ஸாபிரீன் சொன்னது மறந்துபோனது. அவன் மெலிந்த முகமும் நின்றுகொண்டே தின்னும் ரொட்டித்துண்டும்தான் கண்முன்னே இருந்தன.

"வாடா கண்ணு," என்றாள். "வந்து அம்மாகூட உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடு."

மனதாரச் சொன்னாள். அந்த மூன்று நாட்களில் அவள் மனதாரச் சொன்னது அது ஒன்றுதான்.

முதல் தளத்தில் விளக்கு எரிந்தது.

"அம்மா? அம்மா, கேக்குதா? வாடிக்கையாளர் வந்துட்டாங்க, அப்புறம் கூப்பிடறேன்."

கைபேசி அடங்கியது. மாடிப்படியில் விளக்கு எரிந்தது. மேல்படி. நடுப்படி. காலடிச் சத்தம் அவசரமே இல்லாமல் வந்தது, விருந்துக்கு வருகிறவர்கள் வீட்டுக்காரர் கண்ணெதிரில் நடப்பதுபோல, கொஞ்சம் கூச்சத்தோடு. கடைசிப் படி. தரைவிரிப்பில் கால் பதிந்தது.

தெமியானா பார்வையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டாள்.

எதிர் நாற்காலி பின்னால் நகர்ந்தது. பாரம் ஏறியது. பசித்த வாயின் வாசனை நேராக அவள் முகத்தில் பட்டது.

பார்க்காதே. பார்க்காதே.

தட்டின் அந்தப் பக்கம் இருந்த ரொட்டி பிய்ந்தது. ஒரு துண்டு அவரையில் அழுந்தியது. குழி விழுந்தது. மெல்லும் சத்தம். நிதானமாக. விழுங்கும் சத்தம். மறுபடி ரொட்டி பிய்ந்தது.

அவள் அசையவில்லை. மூச்சைக்கூட மேலோட்டமாகவே விட்டாள். ஒரு யோசனை மட்டும் பாக்கி இருந்தது. பத்து நிமிடம். எதுவும் அசையாவிட்டால் விளக்கு அணையும். அணைந்தால் எதிரில் யாருமில்லை. எல்லாம் அவள் தலைக்குள்ளேதான்.

நெடுநேரம் கழித்துச் சத்தம் நின்றது. எண்ண ஆரம்பித்தாள். கழுத்து வலித்தது. கண்ணில் நீர் கோத்தது. ஐந்நூறு. ஐந்நூற்று ஐம்பது. கால் மரத்துப்போனது.

விளக்கு அணைந்தது.

தெமியானாவுக்குச் சிரிப்பு வந்தது. பைத்தியக்காரி. கிழவியாகிவிட்டாய், தனியாக இருந்து இருந்து மூளை குழம்பிவிட்டது, நாளைக்கே பாதிரியாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். கையைத் தூக்கி வீசினாள்.

விளக்கு எரியவில்லை.

மறுபடி வீசினாள். இரண்டு கைகளையும் வீசினாள். எழுந்து நின்றாள். நடந்தாள். மேசையைச் சுற்றி வந்தாள், மண்டபத்தின் நடுவுக்குப் போய் இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

இருட்டு.

வாசல் பக்கம் ஓடினாள். ஆளைக் கண்டால் தானாக விலகும் கண்ணாடிக் கதவு. விலகவில்லை. முகத்தைக் கண்ணாடியோடு அழுத்தினாள். வெளியே விளக்குக் கம்பங்களும் வெறும் சாலையும் தெரிந்தன.

அவளுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

உடனே விளக்குகள் எல்லாம் எரிந்தன.

திரும்பிப் பார்த்தாள். எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. தட்டு துடைத்து வைத்ததுபோலக் காலியாக இருந்தது. இரண்டு ரொட்டியும் இல்லை.

கதவு விலகும் சத்தம். ஸாபிரீன்தான். கையில் இனிப்புப் பெட்டி, தலையில் நழுவும் முக்காடு, மூச்சு வாங்குகிறது. தெமியானாவுக்கு உயிர் வந்தது. "ஸாபிரீன்" என்று கையை நீட்டினாள். ஸாபிரீன் அவளைக் கடந்து நேராக மேசைக்குப் போனாள்.

"பாத்தியா, சொன்ன மாதிரி ஏழரைக்கு வந்துட்டேன்," என்றாள் காலி நாற்காலியைப் பார்த்து. "என்னக்கா, தட்டையே நக்கிட்டியா? அவ்வளவு பசியா?"

ஒரு கணம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள்.

"நான்தான் சொன்னேனே, பூனைன்னு."

"நான் இங்க இருக்கேன்," என்றாள் தெமியானா. "ஸாபிரீன். திரும்பு. இங்க பாரு."

ஸாபிரீன் நாற்காலிப் பக்கம் குனிந்து, ரொட்டித்தூளைத் தட்டிவிடுவதுபோல வெறும் காற்றைத் தட்டினாள். "என்ன இவ்வளவு சில்லுன்னு இருக்க? எந்திரி, இனிப்ப வண்டியில தின்னுக்கலாம். பசங்க வர்ற வரைக்கும் ஜாபிர் அண்ணன் பாத்துக்கறேன்னாரு." தெமியானாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். முழங்கையை மடித்து, யாரோ அதில் கைகோக்க இடம் விட்டாள். நாற்காலி பின்னால் நகர்ந்தது.

பைக்குள் கைபேசி அடித்தது.

"கிரோலோஸ்தான்க்கா," என்று ஸாபிரீன் எடுத்து, சத்தத்தைக் கூட்டிப் பக்கத்தில் நீட்டினாள். "பேசு."

"அம்மா," என்றது மகனின் குரல், மண்டபம் முழுக்க. "நீ அப்படிக் கூப்பிட்டதுக்கப்புறம் எனக்கு வேலையே ஓடலம்மா. முதலாளிகிட்ட சண்டை போட்டு லீவு வாங்கிட்டேன். ஈஸ்டருக்கு வர்றேன். டிக்கெட்டும் போட்டாச்சு. ஒரு மாசம் உன்கூடத்தான், மூணு வேளையும்."

"கிரோ!" தெமியானா கைபேசியைப் பிடுங்கப் போனாள். விரல்கள் எதையும் தொடவில்லை. "கிரோ, வராதேடா. அது நான் இல்லடா. வராதே."

கைபேசியில் அவன் "ம், ம்" என்றான். அங்கே அவன் யார் சொல்வதையோ கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, சின்னப் பையனாக இருந்தபோது சிரிப்பானே, அப்படிச் சிரித்தான்.

"சரிம்மா," என்றான். "வெறும் வயித்தோடயே வர்றேன்."

கதவு விலகி, அவர்களை வெளியே விட்டு, தெமியானாவின் முகத்துக்கு முன்னால் மூடிக்கொண்டது.